கொடுத்துப் பார்க்கத் தயாரான பேனாக்கள்: மைப்பேனா சேகரிப்பும் பகிர்வும்

முதல் பத்துப் பேனா வரைக்கும் யாரும் திட்டமிட்டுச் சேர்ப்பதில்லை. கண்ணில் பட்டது, கைக்குப் பிடித்தது, யாரோ கொடுத்தது என்று இழுப்பறையில் குவியும். பதினொன்றாவதை வாங்குவதற்கு முன் ஒருநாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் மை ஏற்றி அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். சில எழுதவே எழுதாது. சில கசியும். ஒன்றிரண்டைத் திறக்கவே பயமாக இருக்கும். அந்த ஒன்றிரண்டையும் இன்னொருவர் கையில் தயங்காமல் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவரத்தான் இந்த வழிகாட்டி. ஒரு பேனாவைக் கொடுக்கக் கை கூசினால், அது எதனால் ஆனது, எப்படி மை ஏற்றுவது, நிப்பு என்ன நிலையில் இருக்கிறது என்ற மூன்றில் ஏதோ ஒன்று உங்களுக்கே தெரியவில்லை.

இங்கே கழுத்து என்பது விரல் பிடிக்கும் பகுதி. உடல் என்பது மை தங்கும் குழாய். நாக்கு என்பது நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் கட்டை. ஃபீட் என்றும் சொல்வார்கள்.

எதைச் சேர்ப்பது

வரம்பு போடாத சேகரிப்பு குவியலாகவே நிற்கும். வரம்பு எதுவாகவும் இருக்கலாம்: ஒரே மாடல், ஒரே நிரப்பும் முறை, ஒரே பொருள், ஒரே நிப்பு அளவு. பார்க்கர் 51 நல்ல உதாரணம். 1941இல் கடைக்கு வந்த இந்தப் பேனாவில் முதலில், பின்முனைத் தண்டை அழுத்தி ரப்பர் சவ்வால் மை உறிஞ்சும் வேக்குமேட்டிக் நிரப்பி இருந்தது. 1948இல், உள்ளிருக்கும் பையை விரலால் அமுக்கி மை ஏற்றும் ஏரோமெட்ரிக் வந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நிறம், மூடி உலோகம், அளவு என்று போனாலே பல வருடம் தேடலாம். குறைந்த செலவில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு லாமி சஃபாரி ஏற்றது. 1980இல் வந்த மாடல், ஆண்டுதோறும் புது நிறம், நிப்பை விரலால் இழுத்தே மாற்றலாம். நிப்பில்தான் ஆர்வம் என்றால் எஸ்டர்புரூக் ஜே வரிசை. அதில் நிப்பும் நாக்கும் ஒரே திருகுத் துண்டாக வரும். ஒரு பேனாவை வைத்துக்கொண்டு பத்து வகை நிப்பு சேர்க்கலாம். அங்கே எண்தான் பெயர்: 9668 என்றால் முனையில் கடின உலோகக் குண்டு வைத்த மீடியம், 2668 என்றால் எஃகையே மடித்து முனையாக்கிய மீடியம். 2668 வேகமாகத் தேயும்.

நிப்பு அகலத்தில் ஒரு எச்சரிக்கை. பைலட், செய்லர், பிளாட்டினம் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் ஃபைன், ஐரோப்பிய ஃபைனைவிட ஏறக்குறைய ஒரு படி மெல்லியது. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஞூ, ணை, லூ போன்ற எழுத்துகளில் சுழிகளுக்குள் வெள்ளை இடம் மிகக் குறைவு. அகலமான நிப்பில் சிறிய எழுத்து எழுதினால் சுழி மையால் அடைபட்டுப்போகும்.

வாங்குமுன் பார்க்கும் வரிசை

பழைய பேனாவைக் கையில் எடுத்ததும் எல்லோரும் நிப்பைத்தான் பார்ப்பார்கள். கடைசியில் பாருங்கள். நிப்பை மாற்றலாம், நிமிர்த்தலாம். வெடித்த மூடியை ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் மூடியின் உதடு. மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும், ஏனென்றால் மூடியைப் பின்புறம் அழுத்திச் செருகும்போது அழுத்தம் முழுவதும் உதட்டில்தான் விழுகிறது. ஒளி ஊடுருவும் பொருள் என்றால் கைப்பேசி விளக்கை மூடிக்குள் பாய்ச்சிச் சுழற்றுங்கள். வெடிப்பு தனியாக மின்னும். கறுப்பு மூடி என்றால் வெளியிலிருந்து சாய்வாக ஒளி அடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில், அதாவது சிறு உருப்பெருக்கியில் பாருங்கள். அடுத்து மரை, கிளிப்பின் அடிப்பகுதி, உடலில் பொறித்த எழுத்து. எழுத்து மங்கியிருந்து உடல் மட்டும் கண்ணாடியாகப் பளபளத்தால் யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்தது திரும்பாது.

மூடியும் உடலும் ஒரே பேனாவுக்குச் சேர்ந்தவையா என்று பார்க்க நிறத்தை ஒப்பிடுங்கள். ஒன்றாகவே காலம் கழித்த துண்டுகள் ஒரே மாதிரி மங்கியிருக்கும். இரண்டு மூன்று பேனாக்களின் உறுப்புகளை ஒட்டிச் சேர்த்தவை ஏராளம். எழுத வாங்கினால் பரவாயில்லை, சேகரிக்க வாங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இப்போது நிப்பு. 585 என்றால் 14 காரட், 750 என்றால் 18 காரட் தங்கம். ‘இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி’ என்ற பொறிப்பைப் பார்த்து பேனா ஜெர்மனியில் செய்தது என்று முடிவு கட்டாதீர்கள். பல நாட்டு மலிவுப் பேனாக்களில் அது இருக்கிறது. நிப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் முனையில் கடின உலோகக் குண்டு தெரிய வேண்டும். அது ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருந்தால் முந்தைய உடைமையாளர் சாய்த்துப் பிடித்து எழுதியவர். அவர் பிடித்த கோணத்தில் வெண்ணெயாக வழுக்கும், உங்கள் கோணத்தில் கீறும்.

படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் ஆறு படம் கேளுங்கள்: மூடி உதடு, நிப்பின் மேல்பக்கம், பக்கவாட்டு, முனையை நேருக்கு நேர், உடல் பொறிப்பு, திறந்த நிரப்பி. ‘வேலை செய்கிறது’ என்று விற்பவர் சொன்னால், உள்ளிருக்கும் ரப்பர் பையை அழுத்தி மை ஏற்றும் லீவர் அசைகிறது என்று மட்டும்தான் அர்த்தமாக இருக்கலாம். தண்ணீர் உறிஞ்சி வெளியே தள்ளும் காணொளி கேளுங்கள். ‘பெட்டியிலேயே கிடந்தது, புதுசு’ என்றாலும் ரப்பர் பை புதுசாக இருக்காது. பயன்படுத்தாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும்.

தண்ணீரில் போடும் முன்

வந்தவுடன் பேனாவைத் தண்ணீரில் ஊறப்போடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய கேடு. அது எதனால் ஆனது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கட்டை விரலால் பத்து விநாடி சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபோனைட். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. வாடையே இல்லையென்றால் அக்ரிலிக் போன்ற பிற்கால பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் முறை பழைய குறிப்புகளில் உண்டு. செய்யாதீர்கள், செல்லுலாய்டு பற்றி எரியும்.

எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பழசான எபோனைட் மீது தண்ணீர் பட்டால் கறுப்பு, பாசிப் பழுப்பாக மாறிவிடும். வெந்நீரில் இன்னும் மோசம், சில நிமிடமே போதும். அதனால் எபோனைட் உடலை நனைக்காமல், நிப்பு முனையை மட்டும் தண்ணீரில் தொட வைத்துக் கழுவ வேண்டும். கேசீன் என்பது பாலிலிருந்து எடுத்த புரதம். தண்ணீரில் ஊதி வெடிக்கும். செல்லுலாய்டு குளிர்ந்த நீரைத் தாங்கும், ஆனால் ஆல்கஹாலும் அசிட்டோனும் அதைக் கரைக்கும். அக்ரிலிக்கிலும் ஆல்கஹால் பட்டால் நுண்வெடிப்பு விழும். மொத்தத்தில் எந்தப் பேனாவுக்கும் ஸ்பிரிட் வேண்டாம்.

கழுவுவதற்கு அறை வெப்ப நீரே போதும். கார்ட்ரிட்ஜ் பேனாவாக இருந்தால் கழுத்தின் பின்புறம் ரப்பர் பல்பு வைத்து, நீர் தெளிவாக வரும்வரை அழுத்துங்கள். பிஸ்டன் பேனாவில் பதினைந்து இருபது தடவை உறிஞ்சித் தள்ள வேண்டியிருக்கும். காய்ந்து பிடித்த மை போகவில்லை என்றால், வீட்டுத் துப்புரவு அமோனியா 1 பங்கு, நீர் 9 பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு சொட்டு கலந்து, பிளாஸ்டிக் கழுத்தையும் நிப்பையும் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். பித்தளை, அலுமினியம், கேசீன், அரக்குப் பூச்சு உள்ள பேனாவுக்கு இந்தக் கரைசல் ஆகாது. பிளீச்சோடு அமோனியாவை ஒருபோதும் கலக்காதீர்கள்; நச்சுவாயு வரும்.

கழுவிய பிறகு நிப்பைக் கீழே பார்த்தபடி மெல்லிய காகிதத் துண்டு மீது கோப்பையில் நிறுத்தினால் நாக்கில் தங்கிய நீரைக் காகிதம் இழுத்துக்கொள்ளும். ஒரு இரவு போதும்.

ரப்பர் பை மாற்றுவது

லீவர் பேனா வாங்கினால் இதை ஒருமுறை செய்தே ஆக வேண்டும். வேண்டியவை: ஹேர் டிரையர், ரப்பர் உறை போட்ட இடுக்கி, வளைந்த கொக்கி ஊசி, புதிய பை, ஷெல்லாக் எனும் அரக்குப் பசை, வாசனை சேர்க்காத சுத்த டால்க்.

முதல் வேலை கழுத்தை உடலிலிருந்து பிரிப்பது. அந்த மாடலில் கழுத்து திருகா, செருகா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செருகியதைத் திருகினாலும் பரவாயில்லை, திருகியதை இழுத்தால் மரை போய்விடும். டிரையரை ஒரு சாண் தள்ளி வைத்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே இணைப்பைச் சூடாக்குங்கள். சூடு 60 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும், கையால் தொட்டால் சுடும், ஆனால் பிடித்திருக்க முடியும். அதற்கு மேல் செல்லுலாய்டு இளகும், இன்னும் மேலே போனால் தீப்பிடிக்கும். திறந்த தீயில் காட்டும் பேச்சே வேண்டாம். சூடேறியதும் மெல்ல இடவலமாக ஆட்டி இழுங்கள். வராவிட்டால் மறுபடி சூடு. பழைய ஷெல்லாக் மெதுவாகத்தான் விடும். பொறுமை இழந்து ஒரு முறுக்கு முறுக்கும் அந்த விநாடியில்தான் உடலின் வாய் வெடிக்கிறது.

உள்ளே பழைய பை கருங்கல்லாகக் கிடக்கும். கொக்கி ஊசியால் சிறு சிறு துண்டாக உடைத்துக் கொட்டுங்கள். ஒரு துணுக்கு தங்கினாலும் புதிய பையைக் கிழிக்கும். லீவருக்கு அடியில் இருக்கும் அழுத்துத் தகடு துரு ஏறியிருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். கழுத்தின் பின்முனையில் ஒட்டியிருக்கும் பழைய ஷெல்லாக்கைக் கத்தியின் முதுகால் சுரண்டி வழவழப்பாக்குங்கள்.

பையின் எண், அங்குலத்தின் 64இல் ஒரு பங்கைக் கணக்கிட்டு வருகிறது. எண் 16 என்றால் 16/64 அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் விட்டம். உடலுக்குள் தடையில்லாமல் விழும் மிகப் பெரிய பைதான் சரியான அளவு. சுவரில் உரசினால் ஒரு எண் குறையுங்கள். நீளம்: கழுத்தையும் உடலையும் அருகருகே வைத்து, உடலின் உள் ஆழத்தைவிட சுமார் 3 மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். நீளமாக விட்டால் பை அடியில் முட்டி மடங்கும். லீவர் அழுத்தும்போது மடிந்த இடத்தில் மை ஏறாது. ‘பாதிதான் ஏறுது’ என்ற புகார்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

கழுத்தின் முனையில் ஷெல்லாக் மெல்லிய ஒரு பூச்சு, பையை விரித்துச் செருகி நேராக்கி ஒரு நாள் விடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். அடுத்து யாராவது பிரிக்கும்போது சூட்டுக்கு அது இளகாது, கழுத்து உடையும். மூடுவதற்கு முன் நிப்பைத் தண்ணீரில் வைத்துப் பையை அழுத்துங்கள். குமிழி வந்து, விட்டதும் பை நிரம்பினால் ஒட்டு பிடித்திருக்கிறது. துடைத்து டால்க் தூவி மூடுங்கள்.

வெளிர்நிறச் செல்லுலாய்டு பேனா என்றால் ரப்பருக்குப் பதில் சிலிக்கான் அல்லது பிவிசி பை போடுவது நல்லது. இயற்கை ரப்பர் விடும் கந்தக வாயு செல்லுலாய்டைக் கறுக்கச் செய்யும். இளம்பச்சைப் பேனாக்கள் உடல் மட்டும் தேநீர் நிறமாகியிருப்பது இதனால்தான்.

ஷெஃபர் ஸ்னோர்க்கலை மட்டும் பழக்கமில்லாமல் திறக்காதீர்கள். 1952இல் வந்த அதில் நிப்புக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வெளியே நீண்டு மையை உறிஞ்சும். அழகான யோசனைதான், ஆனால் உள்ளே சுருள்வில், பை, வளையம் என்று ஒன்றையொன்று சார்ந்த உறுப்புகள். அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சிக்கனம்.

நிப்பு கீறினால்

நிப்பின் நடு இடுக்குக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு பிளவுகளும் ஒரே உயரத்தில் இல்லாததுதான் பெரும்பாலான கீறலுக்குக் காரணம். லூப்பில் முனையை நேருக்கு நேர் பாருங்கள். கோடு எந்தத் திசையில் கீறுகிறது என்பதே எந்தப் பிளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும். இடமிருந்து வலம் இழுக்கும்போது மட்டும் கீறினால் இடப்பக்கப் பிளவு தாழ்ந்திருக்கிறது. வலமிருந்து இடம் என்றால் வலப்பக்கம். தாழ்ந்ததை நகத்தால் மெதுவாக மேலே தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி விடுங்கள், மறுபடி பாருங்கள். ஒரு தடவையில் சரியாகாது. நாலைந்து தடவை மிகச் சிறிதாகச் செய்வதே சரி.

கோட்டின் தொடக்கத்தில் மட்டும் மை வராமல் பிறகு வந்தால், பிளவின் உள்விளிம்பு மிகையாக உருண்டிருக்கிறது, மை காகிதத்தைத் தொட எட்டவில்லை. 12000 எண் மைக்ரோமெஷ் எனும் மிக நுண்ணிய உரசும் தாள் மீது எட்டு போட்டு ஐந்தாறு தடவை, பிறகு மை தொட்டு எழுதிப் பார்த்து, தேவை என்றால் இன்னும் ஐந்து. இங்கே நிறுத்துவதுதான் திறமை, உரசிப் போன உலோகம் போனதுதான். மை வரத்து குறைவு என்றால் முதலில் அலசிப் பாருங்கள். பிறகும் குறைவு என்றால் 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகடால் நடு இடுக்கைத் துடையுங்கள். அபூர்வமான பழைய நிப்பில் உரசும் எதையும் செய்யாதீர்கள். அது உங்கள் கையெழுத்துக்குப் பொருந்தவில்லை என்பது ஒரு குறை இல்லை.

பதிவேடும் வைக்கும் இடமும்

ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு எண் கொடுங்கள். பதிவேட்டில் மாடல், பொருள், நிரப்பும் முறை, நிப்புப் பொறிப்பு, வாங்கிய நாள், என்ன பழுது பார்த்தது, கடைசியாக எந்த மை, கடைசியாகக் கழுவிய நாள். பைலட்டின் பல நிப்புகளில் அடிப்பகுதியில் செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதையும் குறித்து வையுங்கள். அதன் பக்கத்தில் அந்தப் பேனாவாலேயே ஒரு வரி. எல்லாப் பேனாவுக்கும் ஒரே காகிதம், ஒரே வரி என்றால்தான் ஒப்பிட முடியும். தமிழில் ழ, ஞ, ணு, லூ நாலையும் அடக்கிய வரி நல்லது. நிப்பு எல்லாத் திசையிலும் திரும்பிவிடும்.

எழுதாத பேனாவில் மை வைக்காதீர்கள். காய்ந்த மையைவிடக் கேடு, அதில் வளரும் பூஞ்சை. இரும்புச் சத்துள்ள மை என்றால் இன்னும் கவனம்; அமிலம் எஃகு நிப்பை அரிக்கும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அலசுங்கள். வெயில் படாத, குளிர்ந்த, காற்றோடும் இடத்தில் படுக்க வைத்து வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், பட்டை பட்ட இடம் மங்கும். செல்லுலாய்டை மட்டும் தனிப் பெட்டியில், மூடி இறுக்காமல். உடலுக்குள் நுண்வெடிப்பும் அமில நெடியும் வந்துவிட்டால் அது சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்திலிருக்கும் எஃகைத் துருவாக்கி மற்ற செல்லுலாய்டையும் கெடுக்கும், அதனால் அன்றே பிரித்துவிடுங்கள்.

மேசையில் பகிரும்போது

நவம்பர் முதல் வெள்ளி மைப்பேனா நாள். 2012 முதல் உலகம் முழுவதும் ஆர்வலர்கள் கூடி எழுதும் நாள். ஆனால் நாள் எதுவாக இருந்தாலும் சந்திப்புக்கு முப்பது பேனா கொண்டுபோகாதீர்கள். பத்து, அதிகம் போனால் பன்னிரண்டு. அதற்கு மேல் உங்கள் கண் எதன் மீதும் இருக்காது.

ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு வண்ணப் புள்ளி. பச்சை என்றால் மை ஏறியிருக்கிறது, எழுதலாம். மஞ்சள் என்றால் மையில் தொட்டு எழுதலாம். சிவப்பு என்றால் பார்க்க மட்டும். இப்படிப் பிரித்துவிட்டால் யாரும் யாரிடமும் சங்கடமாகக் கேட்க வேண்டியதில்லை.

தொட்டு எழுத மைப் புட்டியைத் திறந்து வைக்காதீர்கள். 2 மில்லிலிட்டர் குப்பியில் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். அடுத்தவர் பேனாவின் பூஞ்சையோ மிச்ச மையோ குப்பியோடு போகட்டும். கழுவினால் போகும் சாதாரண நீல மை போதும், மினுக்கும் மையும் நிறமித் துகள் மையும் வேண்டாம். நிப்பை அதன் நடுவிலுள்ள சிறு மூச்சுத் துளை வரைக்கும்தான் நனைக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு கோப்பை நீர், ஒன்று அழுக்கு போக, இரண்டாவது அலசல். பஞ்சு பறக்காத துணி. 80 முதல் 90 கிராம் காகிதம், மை படராதது, எல்லோருக்கும் ஒரே கட்டு.

கொடுக்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. பேனாவை மூடியோடு, கீழே துணி விரித்த மேசைக்கு மேலே, கழுத்துப் பக்கம் வாங்குகிறவரை நோக்கி நீட்டுங்கள். ‘திருகணும்’ அல்லது ‘இழுக்கணும்’ என்று ஒரே வார்த்தை சொல்லிக் கொடுங்கள். பார்க்கர் 51இன் மூடி இழுத்தால் வரும். மரை என்று நினைத்துத் திருகித் திருகிப் பார்ப்பவர்கள் பலர். வாங்குகிறவர் இரு கையாலும் திறந்து, மூடியைப் பின்னால் செருகாமல் இடது கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். நிப்பை அழுத்தி விரிக்கக் கூடாது, நிரப்பியைத் தொடக் கூடாது. கை கழுவும் ஆல்கஹால் திரவம் தடவிய கையோடு செல்லுலாய்டைத் தொடக் கூடாது. ஈரம் முழுக்கக் காயும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டால் பிறகு வருத்தப்படுவீர்கள். நீங்கள் வாங்கிப் பார்க்கும்போதும் இதே முறைதான். நீளமாக எழுதாதீர்கள், மூன்று வரி போதும். ‘உங்கள் நிப்பு கொஞ்சம் கீறுது, சரி பண்ணித் தரட்டுமா’ என்று கேட்காமல் விடுவதும் மரியாதையில் சேர்த்தி.

கண் சொட்டு நிரப்பிப் பேனாவை, அதாவது உடல் முழுக்கவே மை ஊற்றும் ஃபில்லர் வகையைக் கொடுப்பதானால் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி வையுங்கள். மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும், அடுத்தவர் காகிதத்தில் சொட்டு விழும். மரையில் சுத்த சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சு போட்டிருக்க வேண்டும். வாஸ்லின் ரப்பரைக் கெடுக்கும். விமானத்தில் போவதானால் முழுக்க நிரப்பி அல்லது முழுக்கக் காலி செய்து, நிப்பு மேலே பார்க்க வையுங்கள்.

மை மாதிரி பரிமாறும்போது

2 மில்லிலிட்டர் கொடுத்தால் சாதாரண கன்வெர்ட்டரை, அதாவது கார்ட்ரிட்ஜுக்குப் பதில் செருகி மை உறிஞ்சும் குழாயை இரண்டு மூன்று முறை நிரப்பிப் பார்க்கலாம். ஒவ்வொரு மைக்கும் புதிய பிப்பெட். குப்பியில் எஞ்சியதைப் புட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள். சீட்டில் நிறுவனம், நிறம், ஊற்றிய நாள் மூன்றும் இருக்கட்டும், பென்சிலால் எழுதுங்கள். மை பட்டால் மையெழுத்து அழிந்துவிடும். இரண்டு மைகளைக் கலந்து பார்க்க ஆசைப்பட்டால் முதலில் ஒரு குப்பியில் கலந்து ஒரு வாரம் வையுங்கள். அமில மையும் கார மையும் சேர்ந்தால் வண்டல் விழலாம், அது நாக்கின் பள்ளங்களை அடைத்துவிடும். பழைய பார்க்கர் சூப்பர்குரோம் புட்டி கிடைத்தால் அலமாரியில் அழகாக வையுங்கள், பேனாவில் ஊற்றாதீர்கள். கடும் காரத்தன்மை கொண்ட மை அது. 51ஐயே அதற்கு முன் வந்த, அதே போலக் காரமான ‘51’ மையைத் தாங்குவதற்கென லூசைட் என்ற அக்ரிலிக் உடலோடு செய்தார்கள்.

தபாலில் அனுப்பும்போது

மையைக் காலி செய்து, அலசி, முழுக்க உலர்த்தி அனுப்புங்கள். மூடி ஆடாதபடி உடலைச் சுற்றி ஒரு மெல்லிய காகிதம். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் குழாய், இரு பக்கமும் பஞ்சு. குழாயை அட்டைப் பெட்டியில் எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை வைத்துப் போடுங்கள். ஆட்டிப் பார்த்தால் எதுவும் அசையக் கூடாது. அனுப்புமுன் நிப்பு, மூடி உதடு, பொறிப்பு மூன்றையும் படம் எடுத்து அனுப்பியவரும் பெறுபவரும் ஒரே படத்தை வைத்திருங்கள்.

பலரிடம் சுற்றுக்கு விடுவது தனி இன்பம். ஒரு பேனா, ஒரு சிறு நோட்டு, ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்குப் பத்து நாள். புறப்படுமுன் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியவை நாலு: எந்த மை மட்டும், யாரும் நிப்பில் கை வைக்கக் கூடாது, அடுத்தவருக்கு அனுப்புமுன் அலசி உலர்த்துவது, உடைந்தால் யார் எவ்வளவு ஏற்பது. நாலாவதை நண்பர்களிடையே பேசத் தயங்குவார்கள். பேசாமல் விட்ட சுற்றுகளில் ஒரு மூடி வெடித்தாலும் சுற்று அங்கேயே முடிந்துவிடும்.

வீடு திரும்பிய பேனாக்களை அன்றிரவே பதிவேட்டோடு எண் எண்ணாகச் சரிபார்த்து, ஒவ்வொன்றின் மூடி உதட்டையும் நிப்பு முனையையும் லூப்பில் ஒரு பார்வை பாருங்கள். மஞ்சள் புள்ளிப் பேனாக்களின் நாக்கில் தொட்ட மை தங்கியிருக்கும். அவற்றை முதலில் அலசி, கோப்பையில் காகிதத் துண்டு மீது நிறுத்திவிட்டுப் படுக்கப் போங்கள்.